பாம்பைக் குளிப்பாட்டினால் போதுமா?

மாணவர்களே, ஒரு வெள்ளைக் காகிதத்தின் மேல் கொஞ்சம் கறுப்பு எள்ளைத் தூவியதாக நினைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் அவற்றில் இரண்டு எள் எழுந்து நடந்தால் எப்படி இருக்கும்?

சில மாதங்களுக்கு முன் அப்படித்தான் ஆனது. பள்ளி முடிந்த நேரம். படிவம் 4 மாணவன் ஒருவன் அறிவியல் கூடத்துக்கு வந்து ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினான். உள்ளே ஈரமான டிஷ்யூ, அதன்மேல் கறுப்புப் புள்ளிகள். "டீச்சர், என் பாம்பு மூணு நாளா தண்ணிக் கிண்ணத்தை விட்டு வெளியே வரவே மாட்டேங்குது. தண்ணியில இதுதான் மிதக்குது" என்றான்.

அவன் வளர்ப்பது பால் பைத்தான். குடிக்கும் பாலுக்கும் அதற்கும் தொடர்பில்லை. பயந்தால் பந்து போலச் சுருண்டுகொள்ளும், அதனால் வந்த பெயர். கானா, தோகோ, பெனின் போன்ற ஆப்பிரிக்க நாடுகளைச் சேர்ந்த, நஞ்சில்லாத சிறிய மலைப்பாம்பு. உங்களுக்கும் ஆசை வந்தால், முதலில் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் உரிமம் பற்றி விசாரியுங்கள். சிங்கப்பூரில் படிப்பவர்கள் ஆசையோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். அங்கே வீட்டில் பாம்பு வளர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை.

அந்தப் புள்ளிகளில் ஒன்றை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தோம். எட்டுக் கால்கள். ஆகவே அது பேன் அன்று. பேன் ஒரு பூச்சி, அதற்கு ஆறு கால்கள்தான். இது சிலந்தி, தேள் ஆகியவற்றின் உறவான சிற்றுண்ணி. அறிவியல் பெயர் ஒஃபியோனிசஸ் நாட்ரிசிஸ். முதல் சொல்லைக் கிரேக்க மொழியில் பிரித்தால் 'பாம்பைக் குத்துவது' என்று பொருள் வரும். வயிறு காய்ந்த பெண் சிற்றுண்ணி அரை மில்லிமீட்டரைவிடச் சற்றுப் பெரியது. இரத்தம் குடித்து உப்பினால் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டிவிடும். ஆப்பிரிக்காவில் தோன்றியிருக்கலாம் என்று கருதப்படும் இது, வளர்ப்புப் பாம்புகளின் வணிகத்தோடு உலகம் முழுவதும் பரவிவிட்டது.

பாம்பின் உடலில் இது ஒளிந்துகொள்ளும் இடங்களைப் பாருங்கள். பாம்புக்கு இமை கிடையாது. கண்ணின் மேல் கண்ணாடி போன்ற ஒரு செதில் மூடியிருக்கும். அதன் விளிம்பில் ஒரு மெல்லிய பள்ளம் உண்டு. சிற்றுண்ணிக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான். அடுத்து, தாடைக்குக் கீழே உள்ள மடிப்பு. மலைப்பாம்புகளின் உதட்டோரம் வெப்பத்தை உணரும் சிறு குழிகள் இருக்கும், அங்கேயும் புகுந்துகொள்ளும். மற்றவை செதில்களுக்கு அடியில். ஒன்றிரண்டு இருந்தால் அரிப்பு மட்டும்தான். நூற்றுக்கணக்கில் பெருகினால் பாம்புக்கு இரத்தச் சோகை வரும், உணவை ஒதுக்கும், தோல் சரியாக உரியாது. ஒரு பாம்பின் இரத்தத்திலிருந்து இன்னொரு பாம்புக்கு ஆபத்தான பாக்டீரியாவை இது கொண்டுசெல்லும் என்பதை ஜோசப் கேமின் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1948இலேயே எழுதினார். எப்போதாவது மனிதரையும் கடிக்கும். தோலில் சிவந்த தடிப்பு வரும்.

பாம்பு ஏன் தண்ணீரிலேயே கிடந்தது என்பது இப்போது புரிந்திருக்கும். அரிப்புத் தாங்காமல் தானாகவே உடலை மூழ்கவைத்திருக்கிறது. மூச்சு விடத் தலையை வெளியே நீட்டத்தானே வேண்டும்? தப்பித்த சிற்றுண்ணிகள் எல்லாம் தலையில் கூடியிருந்தன.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாம்பை வெதுவெதுப்பான நீரில் கழுவு, பெட்டியில் உள்ள தேங்காய் நார்த்தூளைக் கொட்டிவிடு, பெட்டியைத் தேய்த்துக் கழுவு என்று சொல்லி அனுப்பினேன். அவனும் செய்தான். நான்காம் நாள் ஒரு புள்ளிகூட இல்லை என்றான். "சரியாகிவிட்டது" என்று நானே சொன்னேன். பதினாறாம் நாள் திரும்பி வந்தான். முன்பைவிட அதிகம்.

இந்த உயிரியின் வாழ்க்கைச் சுழற்சியைப் படிக்காமலே நான் தீர்ப்பு சொன்னதுதான் தவறு. அதற்கு ஐந்து பருவங்கள் உண்டு. முட்டை ஒன்று முதல் நான்கு நாளில் பொரிக்கும். வெளியே வரும் இளவுயிரிக்கு ஆறு கால்கள். அது எதையும் உண்ணாது, பாம்பின் மேல் ஏறாது. ஓரிரு நாளில் தோலுரித்து எட்டுக் கால்களுடன் அடுத்த பருவத்துக்குப் போகும். இதுதான் முதன்முதலில் பாம்பைத் தேடிச் சென்று இரத்தம் குடிப்பது. பிறகு மீண்டும் உண்ணாத ஒரு பருவம், சுமார் ஒரு நாள். அதன்பின் முதிர்ந்த சிற்றுண்ணி. அதுவும் குடிக்கும். ஐந்தில் இரண்டு பருவங்கள் மட்டுமே பாம்பின் மேல் இருக்கின்றன. மற்ற மூன்றும் பெட்டியின் மூலைகளில், மூடியின் இடுக்கில், மரத்துண்டின் வெடிப்பில் இருக்கின்றன.

வயிறு நிறைந்த பெண் பாம்பை விட்டு இறங்கி, இருட்டான ஈரமான இடுக்கு தேடி ஏறிப் போய் முட்டையிடும். ஒருமுறை வயிறு நிறைந்தால் ஏறக்குறைய 20 முட்டை. வாழ்நாளில் இரண்டு மூன்று முறை, மொத்தம் 60 முதல் 80 வரை. இணை சேராத பெண்ணும் முட்டையிடும், அவை அனைத்தும் ஆணாகப் பொரிக்கும். ஆகவே தனியாகத் தப்பிய ஒரு பெண்ணே புதிய கூட்டத்தைத் தொடங்கிவிட முடியும். 25 பாகை செல்சியஸில் முட்டை முதல் முதிர்ச்சி வரை 13 முதல் 19 நாள் ஆகும். சூடு கூடினால் இன்னும் விரைவு. அவன் திரும்பி வந்த பதினாறாம் நாளை இப்போது இந்தக் கணக்கோடு பொருத்திப் பாருங்கள்.

நம் ஊர் தட்பவெப்பமும் சிற்றுண்ணியின் பக்கம்தான். இந்த உயிரி எளிதில் உலர்ந்து சாகக்கூடியது. காற்றில் 75 முதல் 85 விழுக்காடு ஈரப்பதம் இருந்தால் அதற்குக் கொண்டாட்டம். மலேசியாவில் சாதாரண நாளிலேயே அவ்வளவு இருக்கிறது. குளிர்நாட்டில் வளர்ப்பவர்கள் செயற்கையாக உண்டாக்கும் சூட்டையும் ஈரத்தையும் நாம் சும்மாவே கொடுத்துவிடுகிறோம்.

பயந்துபோன அவன் வீட்டில் அடுத்து நடந்ததுதான் உண்மையான ஆபத்து. ஒரு கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு, அவன் மாமா கொசுமருந்து ஸ்பிரேயைப் பெட்டிக்குள் அடித்து மூடியைச் சாத்திவிட்டார். மறுநாள் காலை பாம்பின் தலை நடுங்கியது. மல்லாக்கப் புரட்டினால் திரும்பிப் படுக்கத் தெரியவில்லை. கொசுமருந்தில் உள்ள பைரித்ராய்டு வகை வேதிப்பொருள், நரம்புச் செல்களில் சோடியம் அயனிகள் நுழையும் வாசல்களை மூடவிடாமல் செய்கிறது. நரம்பு ஓயாமல் சமிக்ஞை அனுப்பிக்கொண்டே இருக்கும். கொசுவுக்கு மட்டுமல்ல, பாம்புக்கும் அதே வாசல்கள் உண்டு. மூடிய சிறு பெட்டியில் மூச்சுக்கு மூச்சு அதுதான் உள்ளே போகும். விலங்கு மருத்துவர்கள் பயன்படுத்தும் சில மருந்துகளிலும் இதே வகைப் பொருள் இருக்கிறது என்பது வேடிக்கை. ஆனால் அவை அளவிட்டு, பாம்பில்லாத பெட்டியில் தெளித்து, முழுதாக உலரவிட்டுப் பயன்படுத்தப்படுபவை.

அன்றே மருத்துவரிடம் கொண்டுபோனதால் பாம்பு பிழைத்தது. அவர் தந்த திட்டத்தில் மருந்தைவிட நாள்காட்டிக்குத்தான் அதிக வேலை. பெட்டியில் வெறும் டிஷ்யூ காகிதம் மட்டும் விரிப்பு. அதைத் தினமும் மாற்றிப் பிளாஸ்டிக் பையில் கட்டி வீட்டுக்கு வெளியே போட வேண்டும். மரத்துண்டுகளைத் தூக்கி எறிந்தாயிற்று. பெட்டிக்கு வாரம் ஒருமுறை கை பொறுக்காத சுடுநீர், மூடியின் இடுக்குகளுக்குப் பழைய பல்துலக்கி. பாம்புக்கான மருந்து அவர் குறித்த அளவில், குறித்த இடைவெளியில். முட்டையை மருந்து தொடுவதில்லை. அதனால் அடுத்தடுத்துப் பொரித்து வருபவை முட்டையிடும் வயதை எட்டும் முன்பே ஒவ்வொரு முறையும் பிடித்தாக வேண்டும். முதிர்ந்த சிற்றுண்ணி 40 நாள் வரை வாழக்கூடும். கடைசிப் புள்ளியைப் பார்த்த நாளிலிருந்து ஆறு வாரம் தொடரச் சொன்னதன் காரணம் அதுதான்.

மருந்து பற்றி ஓர் எச்சரிக்கை. ஐவர்மெக்டின் என்ற மருந்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியாவிலிருந்து பிறந்தது. அதன் கண்டுபிடிப்புக்காக சதோஷி ஓமுராவும் வில்லியம் கேம்பெலும் 2015இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். பாம்புகளுக்கு மருத்துவர்கள் கொடுப்பதுண்டு. அதே மருந்து ஆமையைக் கொன்றுவிடும். பாம்பும் ஆமையும் ஊர்வனதானே என்று நாமே அளந்து ஊற்றக் கூடாது.

இவ்வளவும் எங்கிருந்து தொடங்கியது தெரியுமா? புதிதாக வாங்கிய இரண்டாவது பாம்பை, வந்த அன்றே முதல் பாம்பின் அறையில் வைத்திருக்கிறான். புதுப் பாம்பை மூன்று மாதம் தனி அறையில், காகித விரிப்பில் வைத்துப் பார்ப்பதுதான் முறை. அதைத் தொட்ட கையைக் கழுவாமல் பழைய பாம்பைத் தொடக் கூடாது. பார்ப்பதற்கு ஓர் எளிய வழி: வெள்ளை டிஷ்யூவை ஈரமாக்கி, பாம்பின் கழுத்திலிருந்து வால்வரை மெதுவாகத் துடையுங்கள். கறுப்பாகவோ சிவப்பாகவோ புள்ளி நகர்ந்தால் தெரிந்துவிடும். செதில்களின் மேல் சாம்பல் தூவியது போல வெள்ளைத் துகள் இருந்தால் அது சிற்றுண்ணியின் கழிவு.

அவன் இப்போது ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறான். ஒவ்வொரு மாலையும் டிஷ்யூவில் எத்தனை புள்ளி என்று எழுதுகிறான். முதல் பக்கத்தில் 43, 51, 38. சென்ற வெள்ளிக்கிழமை என்னிடம் காட்டியபோது தொடர்ந்து பதினெட்டு நாள் பூச்சியம். "முடிஞ்சிருச்சா டீச்சர்?" என்றான். 42இலிருந்து 18ஐக் கழிக்கச் சொன்னேன்.