அகப்பையும் கைக்கூலியும்

கற்பிட்டித் தீபகற்பத்தில் தென்னைக்குக் குறைவில்லை. எத்தாளையிலும் தேங்காய் துருவிய பின் சிரட்டை அடுப்புக்குப் போகிறது. இல்லாவிட்டால் கரி சுடுபவர்களிடம் போகிறது. அதே சிரட்டையில் அகப்பை செய்து விற்கலாம். பெரிய முதல் தேவையில்லை, கடன்படவும் வேண்டாம். போரில் இடம்பெயர்ந்து, உழைப்பவரை இழந்து, குடும்பத்தைத் தனியே சுமக்கும் எமது சகோதரிகளுக்கு அது பெரிய விடயம்.

நன்கு முற்றிய தேங்காயின் சிரட்டையை எடுங்கள். கண்கள் இல்லாத பாதியே அகப்பைக்கு ஏற்றது. தும்பைச் சுரண்டி, உள்ளும் புறமும் அரத்தாளால் வழுவழுப்பாகத் தேயுங்கள். விளிம்புக்குச் சற்றுக் கீழே எதிரெதிராக இரண்டு துளையிட்டு, காம்பை அவற்றினூடாகச் செலுத்தி இறுக்குங்கள். ஆணி அடித்தால் துருப்பிடிக்கும். கடைசியில் தேங்காய் எண்ணெய் பூசுங்கள், வார்னிஷ் வேண்டாம்.

காம்புக்கும் மரக் கரண்டிக்கும் பூவரசு, வேம்பு ஆகியவற்றில் கழித்த கிளைகள் போதும். ஈரம் இருக்கும்போதே செதுக்குவது இலகு. பின்பு நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். அலரி நஞ்சு. களப்போரத்தில் வளரும் தில்லையின் பால் கண்ணைப் பாதிக்கும். இரண்டையும் தொடாதீர்கள். கண்டல் மரங்களையும் வெட்டவேண்டாம். இறாலும் மீன்குஞ்சும் வளர்வது அவற்றின் வேர்களுக்கிடையில்தான்.

செய்வது கடினமல்ல. விலை சொல்வதுதான் கடினம். "சும்மா இருக்கிற நேரத்தில் செய்ததுதானே, இதற்கு என்ன கூலி?" என்று பெண்களே சொல்வதை என் பணியில் பலமுறை கேட்டிருக்கிறேன். தண்ணீர் அள்ளி, சமைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிய பிறகு உட்காரும் நேரம் சும்மா இருக்கிற நேரமா? வியாபாரியோ சிரட்டையின் விலையை மட்டும் மனதில் வைத்துப் பேசுகிறார். நாமும் தலையாட்டுகிறோம்.

ஒரு கொப்பியை எடுங்கள். உங்கள் ஊர் வெங்காயத் தோட்டத்தில் கொடுக்கும் நாட்கூலியை எழுதுங்கள். பெண்ணுக்குக் குறைத்துத் தந்தால் அதை விட்டு, ஆணின் கூலியை எழுதுங்கள். நாள் முழுவதும் இருந்து 8 அகப்பை செய்ய முடிந்தால், அந்தக் கூலியை 8 ஆல் பிரியுங்கள். அதோடு ஓர் அகப்பைக்கான சிரட்டை, காம்பு, அரத்தாள், பஸ் செலவைச் சேருங்கள். வருவதே உங்கள் அடக்கவிலை. அதற்குக் கீழே விற்றால் உங்கள் கூலியை நீங்களே விட்டுக்கொடுக்கிறீர்கள்.

தனியாக விலை சொன்னால் வியாபாரி அடுத்த வீட்டுக்குப் போவார். ஐந்தாறு பேர் மாதர் சங்கத்தில் கூடிப் பேசி, ஒரே விலையில் நில்லுங்கள்.

அகப்பை மட்டும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றிவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால், தன் உழைப்புக்கு விலை சொல்லப் பழகிய பெண், நாளை வேறு எந்தத் தொழிலுக்குப் போனாலும் அதைச் சொல்வாள்.