பத்து முகப் பகடை

மதுரை வாசகர் ஒருவர் கடிதம் எழுதியிருக்கிறார். "கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுப்பது அதன் வீட்டு விவகாரம். அமெரிக்காவில் அந்தத் தேர்தலையும் அரசு அலுவலகமே நடத்துகிறதாமே? ஒழுங்காக நடந்ததா என்று பிறகு யார் பார்ப்பது?" என்பது அவர் கேள்வி. நடத்துவது பற்றிய பதில் சின்னது: அங்கே பெரும்பாலான மாநிலங்களின் சட்டம் அப்படி. நடந்தபின் சரிபார்க்கும் முறையைத்தான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். கொலராடோ மாநிலத்தை எடுத்துக்கொள்வோம்.

அங்கே மாவட்டம் போன்ற 64 கவுன்டிகள். தேர்தலை நடத்துபவர் கவுன்டி கிளர்க். பெரும்பாலான இடங்களில் அவரும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவரே. பத்திரப் பதிவும் திருமண உரிமமும்கூட அவர் அலுவலகத்து வேலைதான். ஜூன் மாதக் கடைசிச் செவ்வாய், கட்சி வேட்பாளர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தல். சுமார் மூன்று வாரம் முன்பே வாக்குச்சீட்டு தபாலில் வீடு தேடி வந்துவிடும். அந்தச் செவ்வாய் இரவு 7 மணிக்குள் அது அலுவலகத்தின் கைக்குப் போய்ச் சேர வேண்டும். தபால் முத்திரையின் தேதியைக் காட்டித் தப்பிக்க முடியாது. உறையின் மேலுள்ள கையெழுத்து பொருந்தவில்லையென்றால் வாக்காளருக்குத் தகவல் போகும். சரிசெய்ய 8 நாள் அவகாசம் உண்டு.

எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாதவர்களும் முதல்நிலைத் தேர்தலில் வாக்களிக்கலாம் என்று 2016-இல் மக்களே வாக்களித்து முடிவு செய்தார்கள். அதனால் இவர்கள் வீட்டுக்கு இரண்டு கட்சிகளின் சீட்டுகளும் வருகின்றன. ஒன்றைத்தான் நிரப்பி அனுப்ப வேண்டும். இரண்டையும் அனுப்பினால் இரண்டும் செல்லாது. 2018-இல் இது முதன்முறை நடந்தபோது ஆயிரக்கணக்கானோரின் வாக்கு இப்படி வீணானது. விதியை எழுதினால் மட்டும் போதாது, வீட்டு வாசல் வரை போய் விளக்க வேண்டும் என்பதைத் தேர்தல் அலுவலகங்கள் அப்போது கற்றுக்கொண்டிருக்கும்.

இனி சரிபார்ப்பு. ஏறக்குறைய எல்லாக் கவுன்டிகளிலும் வாக்கு எண்ணுவது ஸ்கேனர். ஒவ்வொரு சீட்டையும் தான் எப்படிப் படித்தது என்று அது ஒரு வரி பதிந்துவைக்கும். சீட்டுகள் கட்டுக் கட்டாகப் பெட்டிகளில் இருக்கும். இத்தனையாவது பெட்டி, இத்தனையாவது கட்டு, இத்தனையாவது சீட்டு என்று சொன்னால் அந்தத் தாளையும் எடுக்கலாம், அதற்கு ஸ்கேனர் எழுதிய வரியையும் எடுக்கலாம். இந்த வரிகள் அடங்கிய கோப்பைக் கவுன்டிகள் முன்னதாகவே, மாநிலத்தின் தேர்தல்களுக்குப் பொறுப்பான மாநிலச் செயலரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். பிறகு ஓர் எழுத்து மாறினாலும் தெரிந்துவிடும்.

அதன்பின் மாநிலச் செயலர் அலுவலகத்தில், எல்லோரும் பார்க்க, பகடை உருட்டுகிறார்கள். 0 முதல் 9 வரை எழுதிய பத்து முகப் பகடை. விழும் எண்களை வரிசையாக எழுதினால் 20 இலக்கங்கள். அந்த 20 இலக்கங்களிலிருந்து எந்தெந்தச் சீட்டுகளை வெளியே எடுப்பது என்பதை ஒரு கணக்கு தீர்மானிக்கும். கணினியே எண்ணைத் தரலாம்தான். ஆனால் கணினிக்குள் நடப்பதை யார் கண்ணால் பார்த்தார்கள்? பகடை மேசையில் உருள்வதை யாரும் பார்க்கலாம். என்ன விழும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

கவுன்டியில் வெவ்வேறு கட்சிகளைச் சேர்ந்த இருவர் அந்தச் சீட்டுகளைத் தேடியெடுத்து, தாளில் இருப்பதைத் தங்கள் கண்ணால் படித்துப் பதிவார்கள். ஸ்கேனர் படித்ததோடு அது பொருந்துகிறதா என்பதே சோதனை. எத்தனை சீட்டு என்பதைப் பதிவான மொத்த வாக்குகள் தீர்மானிப்பதில்லை. வெற்றி வித்தியாசம் தீர்மானிக்கிறது. பத்து சதவீத வித்தியாசமென்றால் பிழை எதுவும் தென்படாதவரை சுமார் 60 சீட்டு போதும். ஒரு சதவீதமென்றால் 600-ஐத் தாண்டும். அறிவித்த முடிவு தவறாக இருந்து, சோதனை அதைப் பிடிக்காமல் விட்டுவிடும் வாய்ப்பு ஐந்து சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொண்டால் வரும் கணக்கு இது. பொருத்தமின்மை தென்பட்டால் இன்னும் எடுக்க வேண்டும். தேவைப்பட்டால் கடைசிச் சீட்டு வரை கையால் எண்ண வேண்டும்.

லட்சம் சீட்டில் 60 எப்படிப் போதும் என்று தோன்றும். எங்கள் ஊர்க் கல்யாணச் சமையலில் சாம்பார் அண்டாவை அடிவரை கிளறிவிட்டு, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டுத்தான் உப்புப் பார்ப்பார்கள். ஐம்பது பேருக்கான சாம்பாரானாலும் ஐந்நூறு பேருக்கானதானாலும் அதே ஒரு சொட்டு. அண்டா எவ்வளவு பெரியது என்பதைவிட நன்றாகக் கிளறினார்களா என்பதே முக்கியம். பகடை செய்வது அந்தக் கிளறலை.

இந்தச் சோதனைக்கான கணக்கை உருவாக்கியவர் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் புள்ளியியல் பேராசிரியர் ஃபிலிப் ஸ்டார்க். மாநிலம் முழுவதும் இந்தச் சோதனையை முதலில் நடத்தியது கொலராடோ, 2017 நவம்பரில். அடுத்த ஆண்டிலிருந்து முதல்நிலைத் தேர்தலுக்கும் வந்துவிட்டது. சோதனை முடிந்தபின், கட்சிப் பிரதிநிதிகளும் கிளர்க்கும் அடங்கிய குழு வாக்களித்தவர் எண்ணிக்கையையும் சீட்டுகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுக் கையெழுத்திடும். இவ்வளவுக்குப் பிறகும் நம்பாதவர்கள் உண்டு. 2022 முதல்நிலைத் தேர்தலில் மாநிலச் செயலர் பதவிக்கு நின்று தோற்ற டீனா பீட்டர்ஸ், தாமே ஒரு கவுன்டி கிளர்க்காக இருந்தவர், இரண்டரை லட்சம் டாலருக்கு மேல் கட்டி மறு எண்ணிக்கை நடத்தவைத்தார். முடிவு மாறவில்லை.

நம் நாட்டிலும் சரிபார்ப்பு உண்டு. 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஒவ்வொரு சட்டமன்றத் தொகுதியிலும் குலுக்கலில் வரும் ஐந்து வாக்குச்சாவடிகளின் விவிபேட் ஒப்புகைச் சீட்டுகளை எண்ணி, வாக்கு இயந்திரத்தின் கணக்கோடு ஒப்பிடுகிறார்கள். வேட்பாளர்களின் முகவர்கள் முன்னால் குலுக்குவது நல்ல ஏற்பாடு. ஆனால் 2021 தேர்தலில் 137 வாக்கில் முடிவான தியாகராய நகருக்கும் ஐந்து, 1.35 லட்சத்துக்கு மேல் வித்தியாசம் வந்த ஆத்தூருக்கும் ஐந்து. இது நியாயமான கணக்கு இல்லை. வித்தியாசம் சுருங்கச் சுருங்க எண்ணும் சாவடிகள் கூட வேண்டும் என்று ஆணையம் விதி எழுத வேண்டும். சீட்டு ஏற்கெனவே அச்சாகிறது, குலுக்கலும் நடக்கிறது. மாற்ற வேண்டியது ஐந்து என்ற அந்த எண்ணைத்தான்.