பருந்தை விரட்டும் வலியன்

மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் இரட்டைவால் குருவியைப் பார்த்திருப்பீர்கள். கரிச்சான் என்றும் சொல்வோம். எடை ஏறக்குறைய 50 கிராம்தான். ஆனால் அதன் கூட்டுப் பக்கம் ஒரு பருந்து வரட்டும், விர்ரென்று கிளம்பி, மேலே பாய்ந்து பாய்ந்து கொத்தி விரட்டிவிட்டுத்தான் திரும்பும். காகத்துக்கும் அதே கதி!

தின்ன வரும் எதிரியை இப்படி எதிர்த்து விரட்டுவதற்குப் பறவையியலில் 'மாபிங்' என்று பெயர். 'மாப்' என்றால் கும்பல். எளிதில் கொதித்தெழும் கூட்டத்தைக் குறித்த 'மோபிலே வல்குஸ்' என்ற லத்தீன் தொடரை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலேயர் வெட்டிச் சுருக்கியதில் பிறந்த சொல் அது. சிறு பறவைகள் பல கூடி ஓர் ஆந்தையைச் சூழ்ந்து கத்துவதற்கு இந்தப் பெயர் சரி. கரிச்சான் பெரும்பாலும் கூட்டம் சேர்ப்பதில்லை. ஒன்றோ இரண்டோதான் பாயும். வலிமை உள்ளவன் என்று நம்மவர்கள் அதற்கு வைத்த 'வலியன்' என்ற பெயரே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இவ்வளவு பெரிய பருந்து ஏன் திருப்பித் தாக்குவதில்லை? சிறு பறவை சட்டென்று வளைந்து திரும்பும். பருந்தால் அது முடியாது. மேலும், வேட்டைப் பறவைகள் பலவும் இரைக்குத் தெரியாமல் வந்து பிடிப்பவை. 'இதோ இருக்கிறான்' என்று ஊருக்கே தெரிந்துவிட்டால் அங்கே வேலை நடக்காது.

கத்துவதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. தலைக்கு மேல் வல்லூறு பறந்தால் பல சிறு பறவைகள் மெல்லிய 'சீ...' ஒலி எழுப்பிப் பதுங்கும். அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது கடினம். விரட்டும்போதோ கரகரவென்று விட்டுவிட்டுக் கத்தும். இடம் உடனே தெரியும், மற்றவையும் வந்து சேரும்.

யாரை விரட்டுவது என்பதைக் கற்றுக்கொள்ளவும் முடியும். 1978இல் ஜெர்மனியின் எபர்ஹார்ட் கியூரியோ குழுவினர் இரண்டு 'பிளாக்பேர்ட்' பறவைகளுக்கு நடுவே ஒரு பெட்டியை வைத்தார்கள். ஒன்றுக்குத் தெரிந்தது ஆந்தை. மற்றதற்குத் தெரிந்ததோ ஆஸ்திரேலியாவின் சாதுவான தேன் உண்ணும் பறவை ஒன்றின் பொம்மை. முதல் பறவை ஆந்தையைப் பார்த்துக் கத்த, இரண்டாவது அந்தச் சாதுவையே எதிரி என்று நினைத்துக்கொண்டது! அந்தப் பாடம் வரிசையாக ஆறு பறவைகள் வரை போயிற்று.

கரிச்சான் கூட்டைக் கண்டால் கிட்டே போகாமல் தள்ளி நின்று பாருங்கள். அக்கம்பக்கத்தில் மாங்குயில் கூடோ புறாக் கூடோ இருக்கிறதா என்றும் தேடுங்கள். வலியனின் காவலை நம்பி அவை அருகிலேயே கூடு கட்டுவது உண்டு.