கம்ப்யூட்டர் படுத்துவிட்டதா? புதிது வாங்கும் முன் ரேமைப் பாருங்கள்!



சமீபத்தில் ஒரு கூட்டமைப்பு அலுவலகத்துக்குப் போயிருந்தேன். கம்ப்யூட்டரைப் போட்டால் 'பீப், பீப்' என்று சத்தம் மட்டும் வந்தது. திரை கருப்பாகவே இருந்தது. "எல்லாக் குழுவோட கணக்கும் இதுக்குள்ளதான் மேடம் இருக்கு. எல்லாம் போச்சா?" என்று கணக்காளர் அழாத குறையாகக் கேட்டார். பார்க்க வந்த மெக்கானிக், "பழசாயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாராம். புதிது வாங்கினால் செலவாவது யார் பணம்? உறுப்பினர்களின் பணம்தானே! அதனால் இந்த விஷயம் நம் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

ரேம் என்றால் என்ன?

குழுக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். நோட்டுகள் பெட்டிக்குள் இருக்கும். கூட்டத்தன்று வேண்டியதை எடுத்துப் பாயில் பரப்பி எழுதுவோம். கம்ப்யூட்டரில் பெட்டி என்பது ஹார்டு டிஸ்க். பாய் என்பது ரேம், அதாவது மெமரி. பாய் சிறிதாக இருந்தால் ஒரு நோட்டை உள்ளே வைத்த பிறகுதான் அடுத்ததை எடுக்க முடியும். ரேம் குறைந்த கம்ப்யூட்டர் மெதுவாவதும் இப்படித்தான்.

கரண்ட் போனால் ரேமில் இருப்பது அழிந்துவிடும். ஹார்டு டிஸ்க்கில் சேவ் செய்தது அப்படியே இருக்கும். ஆகவே ரேம் கெட்டதால் மட்டும் பழைய கணக்கு போய்விடாது. ஆனால் கோளாறான ரேமோடு தொடர்ந்து வேலை பார்த்தால் கணக்கு தப்பாகப் பதிவாகலாம்.

பீப் சத்தம் வந்தால் என்ன செய்வது?

1. பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். பிறகு பவர் பட்டனைச் சில நொடி அழுத்துங்கள். மிச்சமிருக்கும் மின்சாரம் வடிந்துவிடும்.

2. பக்க மூடியைக் கழற்றி, உள்ளே பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குங்கள். நம் உடம்பில், அதுவும் சிந்தடிக் சேலை கட்டியிருந்தால், சேரும் மின்சாரம் ரேமைக் கெடுத்துவிடும்.

3. சுமார் 13 செ.மீ. நீளமுள்ள மெல்லிய பட்டைதான் ரேம். முனையிலுள்ள கிளிப்பை வெளிப்பக்கம் தள்ளினால் மேலே வரும்.

4. அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் தேயுங்கள். தூளை உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரத்துணி கூடவே கூடாது.

5. பட்டையிலுள்ள வெட்டை இடம் பார்த்துப் பொருத்தி, இரண்டு முனையையும் அழுத்துங்கள். கிளிப் 'டக்' என்று மூட வேண்டும்.

6. இரண்டு பட்டை இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். எது கெட்டது என்று தெரிந்துவிடும்.

அந்த அலுவலகத்தில் புழுதிதான் காரணம். ரப்பரால் தேய்த்துப் போட்டதும் திரை வந்துவிட்டது. உடனே கணக்கு முழுவதையும் பென் டிரைவில் எடுத்து வைத்தோம்.

கூடுதல் ரேம் வாங்குவதானால்...

வேலை நடக்கும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் மெமரி எப்போதும் நிரம்பியே இருந்தால் மட்டும் கூடுதல் ரேம் போடுங்கள். இல்லாவிட்டால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது.

டி.டி.ஆர்.2, 3, 4 என்று ரேமில் பல வகை உண்டு. ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. எனவே பழைய பட்டையைக் கழற்றி, காகிதத்தில் சுற்றி, மதுரைக்குக் கையோடு கொண்டு போங்கள். 32 பிட் விண்டோஸ் என்றால் 4 ஜி.பி.க்கு மேல் போட்டுப் பயனில்லை. இரண்டு கடையில் விலை கேளுங்கள். பில்லும் வாரண்டியும் வாங்காமல் வராதீர்கள்.

நம் மேலூர் சொல்லும் பாடம்

2001-இல் மேலூர் பக்கத்துக் கிராமங்களில் 'சாரி' திட்டத்தில் கம்ப்யூட்டர் மையங்கள் தொடங்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி.யின் கம்பியில்லாத் தொழில்நுட்பத்தில் இணைய வசதி வந்தது. ஆனாலும் பல மையங்கள் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டன. கம்ப்யூட்டர் பயிற்சி பெற்றவர்களின் மையங்கள் அதிக காலம் ஓடின என்று பின்னால் நடந்த ஆய்வு சொன்னது.

ஆகவே சகோதரிகளே, அடுத்த கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் மூடியைத் திறந்து பாருங்கள். என்ன வகை ரேம், எத்தனை ஜி.பி. என்று நோட்டில் எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை கணக்கைப் பென் டிரைவில் எடுங்கள். பெட்டிச் சாவியை நாம் வைத்திருப்பது போல, கம்ப்யூட்டர் விஷயமும் நம் கையில் இருக்கட்டும்!