தொப்பியணிந்த சிறு மனிதர்

சேரப்பணஞ்சேரிப் பகுதியில் வாழும் நமக்கு இராமானுசர் என்னும் பெயர் புதியதன்று. அண்மையிலுள்ள ஸ்ரீபெரும்புதூரே அந்த வைணவப் பெரியாரின் பிறப்பிடம். அவர் பெயரைத் தாங்கிய வேறொருவரைப் பற்றி இத்திங்கள் எழுத விழைகிறேன். இவர் சமயாசாரியருமல்லர், சொற்பொழிவாளருமல்லர். நாலு வார்த்தை கோவையாகப் பேசுவதே இவருக்குப் பெரும்பாடு. கே. இராமானுஜம் என்னும் இந்த ஓவியர், சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடற்கரையிலுள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் வாழ்ந்தவர். 1973-ஆம் ஆண்டு, முப்பது வயதைச் சற்றே கடந்த நிலையில், தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார்.

சோழமண்டலத்தைப் பற்றி ஒரு சொல். சென்னை அரசு ஓவியக் கல்லூரியின் முதல்வராயிருந்த கே.சி.எஸ். பணிக்கர் 1966-இல் தம் மாணாக்கர்களோடும் நண்பர்களோடும் சேர்ந்து அதனை நிறுவினார். அரசு மானியத்தையோ செல்வரின் நன்கொடையையோ எதிர்பார்த்து அவர்கள் உட்கார்ந்திருக்கவில்லை. பாட்டிக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்று, அந்தப் பணத்தில் நிலம் வாங்கினார்கள். உழைத்து வயிறு வளர்த்து, எஞ்சிய பொழுதில் ஓவியம் தீட்டும் வாழ்வு அது. கல்லூரியில் தம்மிடம் பயின்ற இராமானுஜத்தைப் பணிக்கர் அங்கும் அரவணைத்துக்கொண்டார்.

அரவணைப்பு என்ற சொல்லை எண்ணியே எழுதுகிறேன். இராமானுஜம் திக்கித் திணறிப் பேசுபவர். மனிதக் கூட்டத்தில் கூசி ஒதுங்குபவர். இன்று நாம் மனச்சிதைவு என அழைக்கும் நோய் அவரைப் பீடித்திருந்தது. பள்ளியும் தெருவும் இத்தகையவருக்கு என்ன பெயர் சூட்டும் என்பதை வாசகர்கள் அறிவீர்கள்.

இனி அவருடைய படங்களுக்கு வருவோம். பெரும்பாலும் பேனாவும் மையுமே அவருடைய கருவிகள். நுண்ணிய கோடுகள் கோடுகளோடு பின்னி, தாளில் வெற்றிடம் என்பதே இல்லாதவாறு நிறைந்திருக்கும். வளைவுகளும் தூண்களும் கோபுரங்களும் அடுக்கடுக்காய் எழும் மாளிகைகள். வானில் மிதந்து வரும் நங்கையர். பாம்புகள், பறவைகள், எந்த விலங்கியல் நூலிலும் காணவியலாத விலங்குகள். இத்தனைக்கும் நடுவே, சில வேளை ஓர் ஓரத்தில், தொப்பியணிந்த ஒரு குள்ள மனிதர். அடுத்த படத்தைப் பாருங்கள், அதிலும் அவரே. அதற்கடுத்ததிலும் அவரே. அவர் வேறு யாருமல்லர், இராமானுஜமே.

கலை விமரிசகர்கள் இவ்வகை ஓவியத்திற்குப் பல மேனாட்டுப் பெயர்களைச் சூட்டுவர். என் உள்ளத்தைத் தொடுவது வேறொன்று. வெளியுலகில் எவரும் இருக்கை தந்து வரவேற்காத ஒரு மனிதர், தம் தாளில் மாளிகையின் உரிமையாளராய் நடக்கிறார். விலங்குகள் அவரைக் கடிப்பதில்லை. நங்கையர் அவரைக் கண்டு நகைப்பதில்லை. மீண்டும் மீண்டும் அதே மாளிகையை ஏன் எழுப்பினார் என்று கேட்பதைவிட, வேறு எங்கே அவர் குடியிருக்க முடியும் என்று கேட்பதே பொருத்தம் என எனக்குத் தோன்றுகிறது.

இதனோடு ஒப்புநோக்கத் தக்க ஒருவர் சுவிட்சர்லாந்தில் இருந்தார். 1864-இல் பிறந்த அடோல்ஃப் வோல்ஃப்லி, சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து பண்ணைகளில் கூலிச் சிறுவனாய் வளர்ந்தவர். பின்னர்ச் சிறுமியரிடம் தகாத முறையில் நடக்க முயன்ற குற்றத்திற்காகச் சிறை சென்றார். 1895-இல் பேர்ன் நகரையடுத்த வால்டாவ் மனநோய் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, 1930-இல் இறக்கும்வரை அங்கேயே கிடந்தார். எந்தக் கலைப் பள்ளியிலும் பயிலாத அவர் அங்குப் படம் வரையத் தொடங்கினார். திங்கட்கிழமைதோறும் ஒரு புதிய பென்சிலும் இரண்டு பெரிய தாள்களும் தருவார்கள். பென்சில் இரண்டே நாளில் தேய்ந்துவிடும். பின்னர் வருவோர் போவோரிடம் துண்டுப் பென்சிலுக்கும் காகிதத்திற்கும் கையேந்துவார். அவர் விட்டுச்சென்றவை எழுத்தும் படமும் இசைக்குறிகளுமாக ஏறத்தாழ 25,000 பக்கங்கள். அக்கதையின் நாயகன் அவரே. தமக்கு அவர் சூட்டிக்கொண்ட பெயர் இரண்டாம் புனித அடோல்ஃப்! (உரோமையின் விசாரணைக்குக் காத்திராமல் தம்மைத் தாமே புனிதராக்கிக்கொண்டார் எனப் புன்னகைக்கலாம். ஆனால் தம் குற்றத்தை அறிந்த ஒருவனின் ஏக்கமும் அதில் இருந்திருக்கலாம்.) அவருடைய மருத்துவர் வால்ட்டர் மார்கன்தாலர் 1921-இல் அவரைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நோயாளியின் உண்மைப் பெயரைக் கூறி, அவரைக் கலைஞர் என்றே அந்நூல் குறித்தது. அக்காலத்தில் இது துணிவான செயல்.

தமிழில் 'பித்து' என்னும் சொல் ஏச்சாகவும் வரும், புகழாகவும் வரும். பித்துப் பிடித்தால்தான் பெருங்கலை பிறக்கும் என்பது நம்மிடையே, குறிப்பாகத் திரைப்படங்களில், உலவும் எண்ணம். இதனை நான் ஏற்பதற்கில்லை. மனச்சிதைவுற்றோர் எண்ணற்றோர், அவருள் ஓவியராவோர் மிகச் சிலரே. நோய் ஓர் உருவத்தைத் திரும்பத் திரும்ப மனத்தில் எழுப்பலாம். ஆனால் கை நடுங்காமல் ஆயிரம் கோடுகளை ஒன்றோடொன்று இசைய இழுப்பது நோயின் வேலையன்று. அது பயிற்சி, பொறுமை, உழைப்பு. இராமானுஜம் நோயினால் ஓவியரானார் என்பதைவிட, நோயையும் பொருட்படுத்தாது ஓவியரானார் என்பதே நேர்மையான கூற்று. அந்த நோய் இறுதியில் ஓவியரையும் கொண்டுசென்றது. 1973-க்குப் பின் அத்தொப்பி மனிதருக்குப் புதிய மாளிகை எதுவும் எழவில்லை. தாளும் மையும் நல்லாசிரியரும் நண்பர்களும் அவரை நெடுநாள் தாங்கினர்; முற்றிலும் காக்க இயலவில்லை. அதற்காக அவர்களைக் குறைகூறலும் தகாது.

இதனைக் குடும்ப இதழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஒரகடத்தைச் சுற்றித் தொழிற்சாலைகள் பெருகிய பின், தந்தை ஒரு ஷிப்ட், மகன் ஒரு ஷிப்ட் என்றாகி, ஒரே கூரையின் கீழ் வாழ்வோர் ஒருவர் முகத்தை ஒருவர் காண்பதே அரிதாயிற்று. வீடு மந்திரிக்கச் செல்லும்போது, நோட்டுப் புத்தகம் முழுவதும் ஒரே உருவத்தை வரைந்து வைத்திருக்கும் பிள்ளைகளைப் பற்றித் தாய்மார் தயங்கித் தயங்கிச் சொல்வதுண்டு. சில வீடுகளில் அந்த நோட்டை அடுப்பில் போட்டுவிடுகிறார்கள். பேய்க்கோளாறு என்று அஞ்சுவோரும் உண்டு.

நோட்டை எரிக்க வேண்டாம். ஒரே பொருளை நூறு முறை வரைவது தன்னளவில் நோயன்று. அப்படி வரையாத ஓவியன் எவன்? பிள்ளையின் அருகே அமர்ந்து, இது யார், இந்த வீடு யாருடையது என்று கேளுங்கள். ஆனால் பிள்ளை உறக்கமின்றித் திரிந்தால், உணவை வெறுத்தால், பிறர் காதில் விழாத குரல்கள் தன் காதில் விழுவதாகச் சொன்னால், சாவைப் பற்றிப் பேசினால், காலந்தாழ்த்தாது மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்கு எட்டாத் தொலைவன்று. 14416 என்னும் எண்ணில் 'டெலிமானஸ்' அரசு உதவியைக் கட்டணமின்றித் தமிழிலேயே பெறலாம். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் முன்னின்று 1984-இல் தொடங்கிய 'ஸ்கார்ஃப்' நிறுவனம் மனச்சிதைவுற்றோருக்காகவே இயங்கிவருகிறது. மருந்து உண்டால் திறமை மழுங்கிவிடும் என அஞ்சி நிறுத்திவிடாதீர்கள். ஐயமிருப்பின் மருத்துவரிடமே கேளுங்கள்.

இவ்வாறு தம் பிள்ளையை ஏற்கெனவே இழந்த பெற்றோரும் நம் பங்குகளில் உளர். 1917-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம், முழு அறிவோடு தற்கொலை புரிந்தோருக்குத் திருச்சபை அடக்கத்தை மறுத்தது. 1983-இல் வெளிவந்த சட்டத் தொகுப்பில் அந்த விலக்கு இடம்பெறவில்லை. கடும் மனக்கோளாறு ஒருவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், அவர்களுடைய மீட்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்றும் 1992-இன் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. எனினும் பழைய வழக்கத்தை நினைவிற்கொண்டு, மகனின் பெயரைப் பூசைக் கருத்தில் சேர்க்கவும் கூசும் தாய்மாரை இன்றும் காண்கிறோம். கூச்சம் வேண்டாம், பங்கு அலுவலகத்திற்கு வந்து பெயரைக் கொடுங்கள்.

இராமானுஜத்தின் வாழ்வை வைத்து எழுத்தாளர் சி. மோகன் 'விந்தைக் கலைஞனின் உருவச்சித்திரம்' என்னும் நாவலை எழுதியுள்ளார். சோழமண்டலத்தில் சென்னை ஓவியர்களின் படைப்புகளைக் கொண்ட அருங்காட்சியகமும் உண்டு. மாமல்லபுரத்திற்குச் சுற்றுலா செல்லும் குடும்பங்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு மணி நேரம் இறங்கிப் பார்க்கலாம். இராமானுஜத்தின் படம் ஏதேனும் கண்ணில் பட்டால் மாளிகையைக் கண்டு வியந்தவுடன் நகர்ந்துவிடாதீர்கள். தூண்களுக்கிடையே அந்தத் தொப்பி எங்கேயிருக்கிறது என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள்.