ஆசனத்துக்கு அடியில் ஒரு மின்சாரக் கிடங்கு

படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றையும் ஒரு வேனுக்குள் அடக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய்வந்தால் எப்படி இருக்கும்? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல குடும்பங்கள் தங்கள் விடுமுறையை இப்படித்தான் கழிக்கின்றன. இந்த வண்டிக்குக் கேம்பர் வேன் என்று பெயர். ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் வேன்களை வெஸ்ட்பாலியா என்னும் மற்றொரு ஜெர்மானிய நிறுவனம் 1951-ஆம் ஆண்டிலிருந்து இவ்வாறு வீடாக்கித் தந்தது. 1979-இல் வெளிவந்த மூன்றாம் தலைமுறை வேன்களைப் பலர் இன்றும் ஆசையோடு பாதுகாத்து ஓட்டுகிறார்கள்.

அவர்களைக் கேட்டால் ஒரு வேலையைப் பற்றி மட்டும் முகத்தைச் சுளிப்பார்கள். ஓட்டுநர் ஆசனத்தைக் கழற்றி, அதன் கீழே உள்ள இரும்புப் பெட்டியிலிருந்து பழைய பாட்டரியை வெளியே எடுத்து, புதியதை வைக்கும் வேலைதான் அது. அந்தப் பெட்டியில் கையை நுழைத்து ஸ்பானரைத் திருப்ப இடம் போதாது. வடிவமைத்தவர் அந்தப் பாட்டரியை ஒருநாள் வெளியே எடுக்க வேண்டிவரும் என்று நினைத்துப் பார்த்தாரா என்பது எனக்குச் சந்தேகந்தான்!

இன்ஜினைக் கிளப்புவதற்கு மறுபக்கத்து ஆசனத்தின் கீழ் ஏற்கெனவே ஒரு பாட்டரி இருக்கிறது. பிறகு இது எதற்கு?

இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல இருந்தாலும் வேலை வேறு. இன்ஜினைச் சுழற்றும் ஸ்டார்ட்டர் மோட்டார் சில விநாடிகளுக்குள் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தை விழுங்கும். அவ்வளவு மின்னோட்டத்தை ஒரே நேரத்தில் தர வேண்டுமானால் அமிலம் தொடும் பரப்பு அதிகமாக இருக்க வேண்டும். ஆகவே அந்தப் பாட்டரியில் மெல்லிய காரீயத் தகடுகள் பலவற்றை நெருக்கமாக அடுக்கியிருப்பார்கள். வீட்டுப் பாட்டரி அப்படியல்ல. விளக்குக்கும் தண்ணீர் பம்புக்கும் மணிக்கணக்கில் சிறிது சிறிதாக மின்சாரம் தரவேண்டும். அதற்குத் தடித்த தகடுகளே தாங்கும். இவ்வேலையை ஸ்டார்ட்டர் பாட்டரிக்குக் கொடுத்தால் காலையில் வண்டி கிளம்பாது; சில நாள் இப்படியே செய்தால் அதன் மெல்லிய தகடுகளும் உதிர்ந்துவிடும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். இவ்வண்டிகளில் உள்ள குளிர்பெட்டி சூட்டினால் இயங்கும் வகையைச் சேர்ந்தது. 12 வோல்ட் மின்சாரத்தில் சுமார் 100 வாட் எடுக்கும். அதாவது 8 ஆம்பியருக்குச் சற்று மேல். பாட்டரியின் கொள்ளளவு 100 ஆம்பியர்-மணி என்றால், பாதிக்குமேல் இறக்காமல் காப்பாற்ற நினைப்பவர்களுக்கு அது 6 மணி நேரம் வரும். எனவேதான் வண்டி நிற்கும்போது குளிர்பெட்டியை எரிவாயுவுக்கு மாற்றிவிடுகிறார்கள்.

ஓடும்போது இரண்டு பாட்டரிகளுக்கும் ஆல்ட்டர்னேட்டரே சார்ஜ் ஏற்றுகிறது. இடையில் ஒரு ரிலே இருக்கிறது. இன்ஜின் ஓடினால் அது இரண்டு பாட்டரிகளின் நேர்முனைகளையும் இணைக்கும். இன்ஜின் நின்றால் பிரித்துவிடும். இந்த ரிலேயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இது நம்மை மிரட்டப்போகிறது.

சரி, வீட்டுப் பாட்டரி ஏன் செத்துப்போகிறது? காரீய அமிலப் பாட்டரியை 1859-இல் பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளான்டே உருவாக்கினார். அதன் அடிப்படை இன்றும் மாறவில்லை. ஒரு தகடு காரீயம். மற்றொன்று காரீய டை-ஆக்சைடு. நடுவே நீர்த்த கந்தக அமிலம். ஒரு கலத்துக்கு ஏறக்குறைய 2 வோல்ட், ஆறு கலங்களுக்கு 12 வோல்ட். மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளின்மீதும் காரீய சல்பேட் படிகிறது. அமிலம் நீர்த்துக்கொண்டே போகிறது. சார்ஜ் ஏற்றினால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும்.

உடனே ஏற்றினால்தான் திரும்பும். புதிதாகப் படிந்த சல்பேட் நுண்ணிய துகள்களாக இருக்கிறது. வாரக்கணக்கில் விட்டுவிட்டால் அத்துகள்கள் பெரிய படிகங்களாக இறுகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் அவை கரைவதில்லை. அத்தனை பரப்பும் வீண். ஜெர்மனியில் பலர் குளிர்காலம் முழுவதும் இந்த வண்டியைக் கொட்டகையில் நிறுத்திவைக்கிறார்கள். பாட்டரி தானாகவும் மெல்ல இறங்கும். ஆசனத்தின் கீழே இருப்பதை யார் திறந்து பார்க்கிறார்கள்? போதாக்குறைக்கு, முற்றும் இறங்கிய பாட்டரியின் அமிலம் ஏறத்தாழ நீரேயாகிவிடுவதால் பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 10 டிகிரியில் உறைந்து பெட்டியைப் பிளந்துவிடும். முழுதும் ஏறிய பாட்டரியோ பூஜ்யத்துக்குக் கீழே 50 டிகிரியிலும் உறையாது. இப்பாட்டரிகளில் பல உழைத்துத் தேய்ந்து சாகவில்லை, எட்டாத இடத்தில் மறக்கப்பட்டுச் சாகின்றன.

இப்போது ஸ்பானரைக் கையில் எடுப்போம். எந்த முனையை முதலில் கழற்றுவது?

வண்டியின் இரும்பு உடலே எதிர்முனைக் கம்பியாக வேலை செய்கிறது. பாட்டரி இருக்கும் பெட்டியும் அந்த உடலின் ஒரு பகுதி. நேர்முனையை முதலில் தளர்த்துகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இடமில்லாத பெட்டிக்குள் ஸ்பானரின் மறுநுனி சுவரில் இடிக்கிறது. அந்தக் கணமே நேர்முனை, ஸ்பானர், வண்டி உடல், எதிர்முனை என்று சுற்று பூர்த்தியாகிறது. அச்சுற்றின் மொத்த மின்தடை 0.01 ஓம் என்று கொண்டால், ஓம் விதிப்படி மின்னோட்டம் 1200 ஆம்பியர்! ஆற்றல் 14,400 வாட். ஸ்பானர் பற்றவைத்ததுபோல ஒட்டிக்கொள்ளும், பழுக்கக் காயும். விரலில் மோதிரம் இருந்து, அது குறுக்கே பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சார்ஜ் ஏறும்போது வெளிவந்த ஹைட்ரஜன் பெட்டியில் தங்கியிருந்தால் ஒரு பொறியே போதும். காற்றில் 4 சதவீதம் ஹைட்ரஜன் இருந்தாலே அது தீப்பற்றும்.

எதிர்முனையை முதலில் கழற்றினால்? ஸ்பானர் சுவரில் இடிக்கலாம். எதிர்முனையும் சுவரும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதால் ஒன்றும் நேராது. அதைக் கழற்றி ஒதுக்கிய பின் நேர்முனையில் ஸ்பானர் இடித்தாலும் சுற்று திறந்தே கிடக்கிறது. பூட்டும்போது வரிசை தலைகீழ்: நேர்முனை முதலில், எதிர்முனை கடைசியில்.

இவ்வளவோடு முடிந்துவிட்டால் நல்லது. ஆனால் இந்த வண்டியில் இன்னொரு பாட்டரியும் இருக்கிறதே! வீட்டுப் பாட்டரியிலிருந்து கழற்றிய நேர்முனைக் கேபிள் எங்கே போகிறது? ரிலே வழியாக ஸ்டார்ட்டர் பாட்டரியின் நேர்முனைக்கு. ரிலே திறந்திருந்தால் கவலையில்லை. ஆனால் வெறுமையான வீட்டுப் பாட்டரியோடு இன்ஜினைக் கிளப்பும்போதெல்லாம் ரிலே வழியே பெரும் மின்னோட்டம் பாய்ந்து, பழைய ரிலேக்களின் தொடுமுனைகள் சில சமயம் உருகி ஒட்டிப்போயிருக்கும். அப்படியானால் நீங்கள் கழற்றிப்போட்ட கேபிளின் நுனியில் இன்னும் 12 வோல்ட் இருக்கிறது! அது சுவரில் உரசினால் முன்பு சொன்ன அதே கதைதான். அனுபவசாலிகள் ஆகவே இரண்டு பாட்டரிகளின் எதிர்முனைகளையும் முதலில் கழற்றுகிறார்கள். முகாமில் செருகிய மின்சார இணைப்பையும், கூரையில் சூரிய ஒளித் தகடு இருந்தால் அதன் பியூஸையும் அதற்கு முன்பே எடுத்துவிடுகிறார்கள். உங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் பாட்டரி இருந்தால், அதில் இவற்றைச் சோதித்துப் பார்க்கவேண்டாம். அதுவும் இதே இனந்தான்.

மீதி உடல் உழைப்பு. 100 ஆம்பியர்-மணி காரீயப் பாட்டரி 25 கிலோவுக்குக் குறையாது. குனிந்தபடி, கையை மடக்க இடமில்லாத குழியிலிருந்து அதை நேராக மேலே தூக்க வேண்டும். பட்டை கட்டி இருவர் தூக்குவதே முறை.

புதியதை வாங்குமுன் குழியின் உயரத்தை அளந்துகொள்ள வேண்டும். வோல்க்ஸ்வாகனின் பழைய பீட்டில் கார்களில் பாட்டரி பின் ஆசனத்தின் கீழ் இருந்தது. முனைகளின்மேல் மூடி இல்லாதபோது, ஆள் உட்கார்ந்தவுடன் ஆசனத்தின் இரும்புச் சுருள்கள் அமுங்கி இரண்டு முனைகளையும் இணைத்து, உள்ளே அடைத்த நார் தீப்பற்றியதுண்டு.

எந்த வகையை வாங்குவது? படுத்து உறங்கும் இடத்தில் அமிலப் புகையும் ஹைட்ரஜனும் வேண்டாம் என்பதால் பலர் கண்ணாடி இழைப் பஞ்சில் அமிலத்தை ஊறவைத்த மூடிய பாட்டரியைத் தேர்கிறார்கள். சார்ஜ் ஏறும்போது நேர்த்தகட்டில் பிறக்கும் ஆக்சிஜன் பஞ்சின் வழியே எதிர்த்தகட்டை அடைந்து மீண்டும் நீராகிவிடுகிறது. எனவே நீர் ஊற்றும் வேலை இல்லை. எட்டாத இடத்துக்கு இதுவே பொருத்தம் என்பேன். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பாட்டரி எடையில் பாதிகூட இராது. ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே குளிரும்போது அதற்குச் சார்ஜ் ஏற்றக் கூடாது. மின்தடை மிகக் குறைவானதால் பழைய ஆல்ட்டர்னேட்டரிடமிருந்து அளவுக்குமீறி மின்னோட்டத்தை இழுத்து அதைக் காய்ச்சியும் விடும். நடுவே மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கருவி ஒன்றையும் வாங்க வேண்டும்.

ஆசனத்தைத் திரும்பவும் தண்டவாளத்தில் ஏற்றுமுன் கெட்டிக்காரர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். பாட்டரி முனைகளிலிருந்து, பியூஸ் வைத்த இரண்டு மெல்லிய கம்பிகளை வெளியே இழுத்து, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒரு சிறு வோல்ட்மீட்டரைப் பொருத்துகிறார்கள். சில மணி நேரம் ஓய்வில் இருந்த காரீயப் பாட்டரி 12.7 வோல்ட் காட்டினால் நிறைவாக இருக்கிறது. 12.1-ஐ நெருங்கினால் பாதி காலி. அன்றே சார்ஜ் ஏற்ற வேண்டும்.