பூட்டிய நாடாளுமன்றம்... கூடாரத்தில் பதவியேற்பு! சமோவாவை உலுக்கிய 2021

பசிபிக் கடலில் சுமார் 2 லட்சம் பேர் வாழும் குட்டித் தீவு நாடு சமோவா. 1982 முதல் அங்கே பெரும்பாலும் ஒரே கட்சியின் ஆட்சிதான். மனித உரிமைகள் பாதுகாப்புக் கட்சியின் துயிலாஎப்பா 1998-லிருந்து பிரதமர். அவரைத் தோற்கடிக்க முடியும் என்று பலரும் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

2021 ஏப்ரல் 9-ல் வந்த தேர்தல் அதை மாற்றியது. எதிர்த்து நின்றவர் ஃபியாமே நவோமி மத்தாஃபா. நாட்டின் முதல் பிரதமருடைய மகள். துயிலாஎப்பாவின் துணைப் பிரதமராகவே இருந்தவர். நீதிமன்ற அமைப்பை மாற்றும் மசோதாக்கள் பிடிக்காமல் 2020-ல் பதவியை உதறியவர். புதிய ஃபாஸ்ட் கட்சியின் தலைவராகி சில வாரங்களிலேயே தேர்தல்!

முடிவு 25-25. மீதமிருந்த ஒரே சுயேச்சையின் ஆதரவு யாருக்கு என்று நாடே காத்திருந்தது. அவர் ஃபாஸ்ட் பக்கம் சாய்ந்தார். ஆனால், அதற்கு முந்தைய இரவே தேர்தல் ஆணையர் ஒரு கணக்கைப் போட்டார். உறுப்பினர்களில் 10 சதவிகிதம் பெண்கள் இருக்க வேண்டும் என்பது அரசியல் சட்டம். 51 பேரில் 5 பெண்கள் என்றால் 9.8 சதவிகிதம்தானே? ஆகவே, ஆளுங்கட்சிக்குக் கூடுதலாக ஒரு பெண் உறுப்பினர். இப்போது 26-26. பெண்களுக்கான சட்டத்தை வைத்தே முதல் பெண் பிரதமருக்கு முட்டுக்கட்டை!

நாட்டின் தலைவர் மறுதேர்தல் அறிவித்தார். மே 17-ல் உச்ச நீதிமன்றம் அந்த நியமனம், மறுதேர்தல் இரண்டையுமே ரத்து செய்தது.

தேர்தல் முடிந்து 45 நாள்களுக்குள் நாடாளுமன்றம் கூடியாக வேண்டும். கடைசி நாள் மே 24. அன்று தலைநகர் அபியாவில் தலைமை நீதிபதி நாடாளுமன்றத்துக்கு நடந்தே வந்தார். கதவு பூட்டிக் கிடந்தது. திரும்பிப் போனார். ஃபியாமே தரப்பு அசரவில்லை. வளாகத்துப் புல்வெளியிலேயே கூடாரம் போட்டார்கள். மாலையில் பதவியேற்பு முடிந்தது. `இது செல்லாது' என்று கொதித்தார் துயிலாஎப்பா. ஒரே நாட்டில் இரண்டு பிரதமர்கள்! தெருவில் கலவரம் வெடிக்காததுதான் ஆச்சர்யம். இரு தரப்பும் திரும்பத் திரும்ப நீதிமன்றத்துக்கே போயின.

ஜூலை 23-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், கூடாரப் பதவியேற்பு செல்லும் என்றது. அடுத்த சில நாள்களில் துயிலாஎப்பா தோல்வியை ஒப்புக்கொண்டார். அதே மாதக் கடைசியில், சீன உதவியுடன் சுமார் 10 கோடி டாலரில் கட்டவிருந்த துறைமுகத் திட்டத்தை ஃபியாமே கைவிட்டார். இவ்வளவு சின்ன நாட்டுக்கு அவ்வளவு கடன் தேவையில்லை என்பது அவர் வாதம்.